ஒயரைக் கழற்றிய பிறகும்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன், எதையும் எண்ணிப் பார்த்தால்தான் மனம் அடங்கும். நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

என் மனைவி லோகநாயகி போன ஆடியில் இறந்தாள். ஆஸ்பத்திரியில் நினைவு தப்பியவள், என்னிடம் ஒரு வார்த்தை பேசாமலே போய்விட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

காரியம் முடிந்த பிறகு, அவள் படுத்திருந்த அறையின் எல்.இ.டி. லைட்டு, சுவிட்சை நிறுத்தியும் மங்கலாக எரிய ஆரம்பித்தது. எலக்ட்ரீஷியன் ஸ்டீபனைக் கூப்பிட்டேன். பட்டப்பகல், பக்கத்து வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னா சார், இதுக்குப் போயி பயந்துக்கினு! சுவிட்ச்ச நியூட்ரல்ல குடுத்துட்டானுங்க. ஃபேஸ் ஒயர்ல மாத்தினா அடங்கிடும்."

"இத்தனை நாள் ஏம்பா எரியல?"

"எரிஞ்சிருக்கும் சார், நீங்க பாத்திருக்க மாட்டீங்க."

மெயினை நிறுத்தி ஒயரை மாற்றிப் போட்டான், அடங்கவில்லை. லைட்டுக்குக் கரண்டு கொடுக்கும் டிரைவர் என்ற சின்னப் பெட்டி போயிருக்கும் என்று அதையும் மாற்றினான், அடங்கவில்லை. கடைசியில் லைட்டையே கழற்றி, இரண்டு ஒயரையும் உருவிவிட்டு, அவள் கட்டில்மேல் வைத்து வெள்ளை மூடியைத் திறந்தான். உள்ளே பொட்டுப் பொட்டாக இருந்த குட்டி பல்புகளை எண்ணினேன், முப்பத்தாறு. முப்பத்தாறும் மினுங்கின.

"கெப்பாசிட்டர்ல மிச்ச கரண்டு நிக்குது சார். ரெண்டு நிமிசத்துல வடிஞ்சிடும்."

நான் டீ போட்டு வந்தேன், இருவரும் குடித்து முடித்தோம், வடியவில்லை. ஸ்டீபன் முகத்தில் சிரிப்பு இல்லை. "இத எப்படி அணைக்கறதுன்னே தெரில சார்."

"அணைக்கறதுன்னு சொல்லாதே" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, அது அவள் பேச்சு. எந்த விளக்கையும், டியூப் லைட்டைக்கூட, அணை என்று சொல்ல விடமாட்டாள், மலையேத்துங்க என்பாள். இது ஏற மலை எங்கடி இருக்கு என்று நான் கிண்டல் செய்வேன்.

என்ன தோன்றியதோ, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "போதும்மா, மலையேறிடு" என்றேன். நம்புங்கள், நம்பாமல் போங்கள், பொட்டுகள் ஒவ்வொன்றாக அடங்கின. எண்ணிக்கொண்டே வந்தேன், இருபதுக்கு மேல் கண்ணீர் மறைத்துக் கணக்குத் தவறிவிட்டது.

ஸ்டீபன் பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவன் திரும்பினான்.

"தப்பா நினைக்காதீங்க சார். வீட்ல நீங்க மட்டும்தான்னு சொன்னீங்களே. அப்ப, உங்க பக்கத்துல 'சரிங்க'ன்னு சொன்ன அம்மா யாரு?"

என் காதில் எந்தக் கோளாறும் இல்லை. கூடவே வாழ்ந்த குரல் அது, அவனுக்குக் கேட்டிருக்கிறது, எனக்குக் கேட்கவில்லை.

இன்றும் அவனைத் தெருவில் பார்த்தால் வண்டியை நிறுத்தி, எப்படிச் சொன்னாள், கோபமாகவா, அழுதுகொண்டா என்று கேட்கிறேன்.

"சாதாரணமாத்தான் சார் சொன்னாங்க" என்கிறான்.