அரைநூல்காரர் ஏற்றிய ஒரு சாண்

அவருக்கு அரைநூல்காரர் என்ற பட்டப்பெயர் சும்மா வரவில்லை. கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். ஒரு ஃபிரேம் இடது காதில் அரை நூல், அதாவது மயிரிழை அளவு, தூக்கலாக உட்கார்ந்தாலும் போதும், "கழட்டுங்க" என்று வாங்கி, விளக்கில் வாட்டி, வளைத்து, மறுபடி மாட்டிப் பார்ப்பார். அவசரமாகப் போகவேண்டியவர்கள் அந்தக் கடைப்பக்கம் வருவதே இல்லை. வீட்டிலும் அதே கதைதான். சுவரில் படம் சாய்ந்திருந்தால் அவருக்குச் சோறு இறங்காது.

வீடு ஏரிக்கரையில் இருந்தது. பின்வாசலைத் திறந்தால் புல்தரை, புல்தரை முடிந்தால் தண்ணீர். 'நீர் விளிம்பு வரை உரிமையாளருக்கு' என்று பத்திரத்தில் தெளிவாக எழுதியிருந்தது. அதற்கப்பால் இருந்த தண்ணீரும் தண்ணீருக்கடியில் இருந்த மண்ணும் ஏரித்துறைக்குச் சொந்தம். புல்தரையில் தொடங்கி ஏரிக்குள் நீண்ட ஒரு மரமேடையை அவரே தம் கையால் போட்டிருந்தார். தண்ணீர் விளிம்பிலிருந்து உள்ளே பன்னிரண்டு தப்படி வரை போகலாம் என்று துறை அனுமதி கொடுத்திருந்தது. மேடை முனையில், ஆழமான இடத்தில், கைப்பிடியோடு படிகள் இறங்கின.

அந்தப் படிகள் அவருடைய மனைவிக்காக. இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை ஆனவர். தரையில் நாலு எட்டு வைப்பதற்குள் நாலு தெய்வத்தைக் கூப்பிடுவார். தண்ணீரில் இறங்கிவிட்டாலோ கதையே வேறு. தினமும் காலையில் அந்தப் படியில் இறங்கி அரைமணி நேரம் நீந்துவார், திரும்பி வரும்போது முகம் பத்து வயது குறைந்திருக்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் அரைநூல்காரர் கடை திறக்கப் போவார். சொல்லிக்கொள்ளமாட்டாரே தவிர, அன்றைய பொழுது அவருக்கு அதில்தான் விடியும்.

இப்படி இருக்கும்போது துறையிலிருந்து நோட்டீஸ் வந்தது. 'தங்கள் மேடை நீருக்குள் பதினெட்டுத் தப்படி நீண்டுள்ளது. அனுமதி பன்னிரண்டு. முனையில் ஆறு தப்படியை ஒரு மாதத்துக்குள் அகற்றவும். ஆட்சேபம் இருப்பின் விசாரணை நாளில் தெரிவிக்கலாம்.'

முனையை வெட்டினால் படி போய்விடும். படி போனால் நீச்சலும் போய்விடும்.

"மேடை எப்படிம்மா வளரும்? அது என்ன சுரைக்கொடியா?" என்று குதித்தார்.

"மேடை வளரலைங்க. ஏரிதான் வளர்ந்திருக்கு. நம்ம புல்தரையில நான் துணி காயப்போட்ட கம்பத்தைப் பாருங்க, இப்ப அதுல தவளை உக்காந்திருக்கு" என்றார் மனைவி.

உண்மைதான். கொஞ்சங்கொஞ்சமாக ஏறியதால் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. சரிவே இல்லாத கரை என்பதால் தண்ணீர் ஆறு தப்படி உள்ளே வந்திருந்தது. பக்கத்து வீட்டு பேக்கரிக்காரரின் மாவுக் கொட்டகை ஆறு வருடமாக ஈரம் காயாமல் கிடந்தது.

அவ்வளவுதான், அரைநூல்காரர் கச்சை கட்டிவிட்டார். கரை வீட்டுக்காரர்களைக் கூட்டினார், மனு எழுதினார், கையெழுத்து வாங்கினார். "மதகைப் பூட்டித் தண்ணிய ஏத்தினது துறை. நம்ம நிலத்தை முழுங்கிட்டு நம்ம மேலயே நோட்டீஸா? விசாரணை நாளன்னைக்குக் கேக்கறேன், நறுக்குன்னு நாலு வார்த்தை!"

"நீங்க முன்னால போங்கண்ணே, நாங்க பின்னாலயே வர்றோம்" என்றார் பேக்கரிக்காரர். அடி விழுந்தால் முதல் அடி அண்ணனுக்கே என்ற நல்லெண்ணம்.

துறையின் பதில் ஒரே வரியில் வந்தது. 'நீர்மட்டம் இருபது ஆண்டுகளாக எட்டாம் கோட்டில்தான் பராமரிக்கப்படுகிறது.' ஏரியின் மட்டத்தைக் காட்டும் அளவுப் பலகையை, வேறு உறுதியான கம்பம் கிடைக்காமல், துறைக்காரர்கள் அந்தக் காலத்தில் அரைநூல்காரரின் மேடைக் கம்பத்திலேயே அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். கேட்டு அடிக்கவில்லை. திங்கள்தோறும் அளவுக்காரர் சைக்கிளில் வந்து கரையில் நின்றபடியே படித்து எழுதிக்கொண்டு போவார். தண்ணீர் எட்டுக்குக் கீழே இருந்தால் மதகை மூடுவார்கள், மேலே இருந்தால் திறப்பார்கள்.

"உங்களுக்குக் கண்ணு சரியாத் தெரியுதா?" என்று அடுத்த திங்களன்று அவரை மடக்கினார் அரைநூல்காரர்.

"என்ன சார் இப்படிக் கேக்கறீங்க? நீங்க போட்டுக் கொடுத்த கண்ணாடிதானே!"

அரைநூல்காரர் அந்த ஃபிரேமை எட்டிப் பார்த்துவிட்டு வழிவிட்டார்.

விசாரணைக்கு முந்தின நாள், பழைய கரை எங்கே இருந்தது என்று காட்ட ஒரு போட்டோ தேடினார். அறுவை சிகிச்சைக்குப் பிறகு மனைவி முதல்முறை நீந்திவிட்டுப் படியில் உட்கார்ந்து சிரித்த படம் கிடைத்தது. கடை லென்ஸை வைத்துப் பார்த்தார். மனைவியின் தோளுக்குப் பின்னால் அளவுப் பலகை. அதன் மேல்விளிம்பு கைப்பிடியின் கீழ்க்குழாயை ஒட்டி இருந்தது. எழுந்துபோய் மேடையில் குனிந்து பார்த்தார். இப்போது மேல்விளிம்பு குழாய்க்கு ஒரு சாண் மேலே இருந்தது. பலகை ஒரு சாண் ஏறினால் தண்ணீரும் ஒரு சாண் ஏறினால்தானே எட்டாம் கோட்டைத் தொடும்?

"ஏம்மா, இந்தப் பலகையை யாரு மேல ஏத்தினது?"

"நல்லாக் கேட்டீங்க போங்க! கம்பம் உளுத்துப்போச்சுன்னு ஆறு வருஷம் முன்னால நீங்கதானே மாத்தினீங்க? படி ஏறும்போது அந்தப் பலகை என் முட்டியில இடிக்குதுன்னேன். 'இதென்ன பிரமாதம்'னு ஒரு சாண் மேல வெச்சு முறுக்கினீங்க. கடைக்கு நேரமாச்சுன்னு அளக்கக்கூட இல்ல."

அரைநூல்காரர் ஈரமேடையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சாண் ஏற முழம் சறுக்கும் என்பார்கள். இவர் ஏற்றிய சாணுக்கு ஊர்க்கரை முழுவதும் ஆறு தப்படி மூழ்கிவிட்டது. வாழ்க்கையில் ஒரே ஒரு நாள் அளக்காமல் செய்த வேலை! மனைவியோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்துவிட்டு, அவருடைய முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"விடுங்க. மேடை போனாப் போகட்டும். நான் குளியல் தொட்டியில நீந்திக்கறேன். ஊருக்கு முன்னால நீங்க தலைகுனிய வேண்டாம்."

அந்த வார்த்தைதான் அவரைக் குத்திவிட்டது. தொட்டியில் கால் நீட்டக்கூட இடம் கிடையாது.

விசாரணை, துறை அலுவலகத்தின் நீள அறையில், ஓர் அதிகாரி அம்மா முன்னிலையில் நடந்தது. கரைக்காரர்கள் எல்லாரும் நறுக்கென்ற நாலு வார்த்தைக்காகக் காத்திருந்தார்கள். அரைநூல்காரர் எழுந்தார், தொண்டையைச் செருமினார்.

"மேடம், ஏரியை ஏத்தினது துறை இல்ல. நான்தான்."

போட்டோவை மேசைமேல் வைத்து, பலகை ஏறிய கதையை ஒன்றுவிடாமல் சொன்னார். முட்டி இடித்ததை மட்டும் சொல்லாமல் விட்டார். பின்வரிசையிலிருந்து மனைவி அதையும் எடுத்துக் கொடுத்தார். "என் முட்டிக்காகத்தாங்க செஞ்சாரு. அபராதம் போட்டா முட்டிக்கும் சேர்த்துப் போடுங்க."

பேக்கரிக்காரர் மெதுவாகத் திரும்பினார். "அப்போ ஆறு வருஷமா என் மாவை நனைச்சது நீங்களாண்ணே?"

"நான்தான்ப்பா. கொட்டகைக்கு நானே தளம் உயர்த்திக் கொடுக்கறேன்."

"தளமெல்லாம் வேண்டாம். அளக்காம உயர்த்திடுவீங்க."

அறை வெடித்துச் சிரித்தது. அதிகாரி அம்மா சிரிக்காமல் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். துறையின் பலகையை நகர்த்தியது குற்றம் என்று ஒரு விதி இருந்தது. அதற்கு அடுத்த விதியில் அவருடைய விரல் நின்றது. வருடம் ஒருமுறை மதகுக்கல்லில் வெட்டிய கோட்டோடு பலகையைச் சரிபார்க்க வேண்டுமாம். அளவுக்காரரைப் பார்த்தார். அளவுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைப்பு முடிவதாயில்லை.

"ஆறு வருஷமா நாங்களும் பாக்கலை" என்றார் அதிகாரி கடைசியில். "அதுவும் இல்லாம, உங்க கம்பத்துல எங்க பலகையை அடிக்க உங்ககிட்ட அனுமதி வாங்கின கடிதமும் ஃபைல்ல இல்ல."

நோட்டீஸ் ரத்தானது. பலகையைக் கழற்றி எடுத்துக்கொண்டு, மதகைத் திறந்தார்கள். இரண்டு வாரத்தில் தண்ணீர் ஒரு சாண் இறங்கியது, கரை ஆறு தப்படி வெளியே வந்தது. துணிக்கம்பம் தவளையிடமிருந்து மீண்டது. மேடை ஓர் அங்குலம்கூட அசையாமல் மறுபடி பன்னிரண்டு தப்படி ஆயிற்று. அரைநூல்காரருக்குத்தான் பட்டப்பெயர் மாறியது. இப்போது கடைவீதி முழுவதும் அவரை 'ஒரு சாண்' என்றுதான் கூப்பிடுகிறது. அதற்கும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார்.

அப்புறம் துறையிலிருந்து இன்னொரு கடிதம் வந்தது. இந்த முறை நோட்டீஸ் இல்லை, வேண்டுகோள். 'தங்கள் மேடைக் கம்பத்தில் அளவுப் பலகையைப் பொருத்த உரிமையாளரின் அனுமதி கோருகிறோம்.' உரிமையாளர் என்ற சொல்லை அவர் இரண்டு தடவை படித்தார். பிறகு கீழே பதில் எழுதினார்: 'சம்மதம். பழைய உயரத்திலேயே வைக்கலாம். ஆனால் படியிருக்கும் பக்கம் கூடாது, கம்பத்தின் மறுபக்கம்.'

பலகை மாட்டிய மறுநாள் காலையில் மனைவி நீந்திவிட்டுப் படியைப் பிடித்து மேலே வந்தார். அரைநூல்காரர் துண்டோடு நின்றிருந்தார். தண்ணீர் இறங்கியதால் ஏறவேண்டிய உயரம் ஒரு சாண் கூடியிருந்தது. அதற்காக முந்தின நாளே கீழே ஒரு படி சேர்த்திருந்தார், மூன்று முறை அளந்து.

"முட்டி?" என்று கேட்டார்.

"இடிக்கலைங்க."

துண்டைக் கொடுத்துவிட்டு அவரும் மேடையில் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குக் கடை திறக்க ஒருமணி நேரம் தாமதமாகிவிட்டது.