நாலாவது சிங்கமும் மஸ்தான் பாயும்

"சார், மூணு சிங்கம் பூட்டாரு. மூட்ட தூக்கசொல்ல மாரப் புடிச்சிக்கினு சாஞ்சாராம்."

திங்கட்கிழமை காலை லாரி ஓட்டுநர் ஏகாம்பரம் கொண்டுவந்த செய்தி இது. யாரென்று நான் கேட்கவில்லை. தண்டையார்பேட்டைக் கிடங்கில் மஸ்தான் பாயை எல்லாரும் அப்படித்தான் அழைத்தார்கள். அந்தப் பெயர் வந்த கதையை எழுதுவதுதான் அவருக்கு நான் செய்யக்கூடிய அஞ்சலி.

பாய் முன்பு வாயிற்காவலராக இருந்தார். படிக்கத் தெரியாது. பர்மிட் சீட்டில் கிரீட முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பார், கதவைத் திறப்பார். ஒரு போலிச் சீட்டும் அவரைத் தாண்டிப் போனதில்லை. குடியரசு வந்தது, கிரீடம் போனது. புது முத்திரை எப்படி இருக்கும் என்று பாய் என்னைக் கேட்டார். நான் கிடங்கின் எடைப்பொறிகளுக்குப் பொறுப்பாளன். முத்திரையைப் பார்த்ததில்லை, நான்கு சிங்கங்கள் முதுகோடு முதுகாக நிற்கும் என்று சுற்றறிக்கையில் வாசித்திருந்தேன், அவ்வளவுதான். "நாலு சிங்கம். ஒண்ணு கொறஞ்சாலும் போலி, விடாதீங்க" என்று அவசரமாகச் சொல்லிவிட்டுப் போனேன். முன்னாலிருந்து பார்த்தால் மூன்றுதான் தெரியும் என்பது, வரைபடம் போடப் படித்த எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த வாரம் ரேஷன் அரிசி லாரி வந்தது. நல்ல மழை.

"மூணுதான் கீது. நாலாவது எங்க?" என்றார் பாய்.

"டீ குடிக்கப் போயிருக்கும் நைனா! கதவத் தொற, அரிசி நனையுது!" என்று கத்தினார் ஏகாம்பரம்.

பாய் திறக்கவில்லை. அதிகாரி வருவதற்குள் பாதி மூட்டைகள் ஊறிப்போயின.

"நாலுன்னு உனக்கு எவன்யா சொன்னான்?" என்று பாயை அதட்டினார் அதிகாரி.

நான் பக்கத்தில்தான் நின்றேன். பாய் என்னை ஒருமுறை பார்த்தார்.

"நானாத்தான் நெனச்சிக்கினேன் சார்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றே அவரை மூட்டை தூக்க அனுப்பினார்கள், பட்டப்பெயரும் ஒட்டிக்கொண்டது.

ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று பிறகு ஒருநாள் கேட்டேன்.

"அந்த நாலாவது சிங்கம் கீதா, இல்லியா?"

"இருக்கு பாய். பின்பக்கம்."

"அப்போ நீ பொய் சொல்லலியே. போ சார், வேலயப் பாரு."

மன்னித்தாரா, குத்திக்காட்டினாரா, மெய்யாகவே அப்படி நம்பினாரா? எனக்கு இன்னும் விளங்கவில்லை. கெட்டுப்போன பொறியென்றால் கழற்றிப் பார்த்துக் காரணம் சொல்லிவிடுவேன்.

அடக்கத்தின்போது மூன்று பிடி மண் போடச் சொன்னார்கள். போட்டேன். பின்னால் யாரோ 'மூணு சிங்கம்' என்றார்கள். குனிந்து நாலாவது பிடியை அள்ளிவிட்டேன். போடலாமா கூடாதா என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

போய் வாருங்கள், பாய். நாலு என்று சொன்னவன் நான்தான்.