ஆறாத புண்ணும் அம்மாவின் நேர்த்தியும்

இதை எழுதுவதா விடுவதா என்று பல வருசமாகத் தயங்கினேன். பக்தியைக் கிண்டல் பண்ணுகிறான் என்பார்களே என்று ஒரு பயம். சொந்தக்காரர் வாசித்துவிடுவார்களே என்று இன்னொரு பயம்... அதுதான் பெரிது.

போன வெள்ளிக்கிழமை லூயிஷாம் கோயிலில் ஒருவர் சொன்னார்: "அப்பாவுக்கு ஒப்பரேசன் செய்த புண் இன்னும் ஆறேல்லை அண்ணை. முட்டை, மீன், தக்காளி எல்லாம் நிப்பாட்டிப்போட்டம்."

இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் கடவுள் மன்னிப்பாரா?

எண்பதுகளின் கடைசி. மோர்டனில் எங்கள் வீடு. அம்மாவின் வயிற்றைத் திறந்து பித்தப்பைக் கல்லை எடுத்தார்கள். கல் போய்விட்டது. புண் போகமாட்டேன் என்றது. தையல் வெட்டியபின் ஒரு பக்கம் வாய் பிளந்துவிட்டது. வீட்டுக்கு வந்து கட்டு மாற்றும் நர்ஸ் முகம் சுளித்தார். இப்படியே போனால் திரும்ப ஆஸ்பத்திரி, திரும்பக் கத்தி என்றார். எழுபதைத் தாண்டிய உடம்பு இன்னொரு மயக்க ஊசியைத் தாங்குமா?

பார்க்க வந்தவர்களுக்கு அதெல்லாம் ஒரு கவலையா? பூமணி மாமி — என் அப்பாவின் தங்கச்சி — ஈஸ்ட் ஹாமிலிருந்து ரயில் மாறி வந்து, நேரே எங்கள் குசினிக்குள் போய் அடுப்படி முழுக்கச் சோதனை போட்டார்.

"தக்காளியோ? கிரந்தி! கத்தரிக்காயோ? கிரந்தி! முட்டையைத் தொடாதேங்கோ மச்சாள், புண் சீழ் வைக்கும். பருப்பு வாயு!"

கிரந்தி என்றால், புண்ணைக் கிளப்பும் சாப்பாடு என்று எங்கள் ஊர்க் கணக்கு. வாய்க்கு ருசியானது எதுவோ அது கிரந்தி. மிஞ்சியது கஞ்சியும் உப்பும். உப்பைப் பற்றியும் மாமி யோசித்துக்கொண்டுதான் இருந்தார்.

கஞ்சி என்று கேட்டதும் நர்ஸ் தலையில் கை வைத்தார். மீன், முட்டை, பருப்பு கொடுங்கள், வயதுபோன உடம்பில் சதை எதை வைத்து வளரும் என்று கேட்டார்.

மனைவி உடனே மீன் சமைத்தாள். அம்மா சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டார்.

"ஏலாது தம்பி. புண் ஆறும்வரைக்கும் மீன், இறைச்சி எண்டு மச்சம் ஒண்டும் தொடமாட்டன் எண்டு பிள்ளையாருக்கு நேர்த்தி வைச்சிட்டன். முட்டையும் மச்சம்தான்."

எப்படி இருக்கிறது? சாப்பிட்டால்தான் புண் ஆறும். புண் ஆறினால்தான் சாப்பிடலாம். பிள்ளையாருக்கே தலை சுற்றியிருக்கும்.

நேர்த்தியை உடையுங்கோ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும் அதே பிள்ளையார் படத்துக்கு முன்னால் கும்பிடுகிறவன். குளித்து, திருநீறு பூசி, எங்கள் சாமியறைக்கு முன்னால் போய் நின்றேன். சாமியறை என்றால், வெந்நீர்த் தாங்கி இருக்கும் அலுமாரியின் மேல்தட்டு! அம்மாவுக்குக் கேட்கச் சத்தமாகச் சொன்னேன்:

"பிள்ளையாரப்பா, அம்மாவின்ரை நேர்த்தியை நான் எடுக்கிறன். புண் ஆறும்வரைக்கும் நான் சைவம். அவவை விட்டுவிடும்."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மீன் இல்லாட்டி உனக்குச் சோறு இறங்காதேடா..."

"இனி இறங்கும்."

"பிள்ளையார் ஒத்துக்கொள்ளுவாரோ?"

என் மனைவி அம்மாவை விடவில்லை. "ஆள் மாறி ஷிப்ட் செய்ய மனேச்சரே விடுறார். பிள்ளையார் விடமாட்டாரோ மாமி?"

அம்மா கட்டுப் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு கோப்பையை இழுத்தார்.

அதன்பிறகு அவருக்கு மீன். எனக்கு மேசையின் மற்றப் பக்கத்தில் பருப்பும் மீன் மணமும். கட்டு மாற்றுவதும் நிற்கவில்லை. புண் அடியிலிருந்து சிவந்து, நிரம்பி, மெல்ல மெல்ல மூடியது. கத்தி தேவைப்படவில்லை. இனி வரத் தேவையில்லை என்று நர்ஸ் சொன்ன அன்று கோயிலுக்கும் போனேன், மீன்கடைக்கும் போனேன் — அந்த ஒழுங்கில்.

பூமணி மாமி? "நான் தக்காளியை நிப்பாட்டினபடியால்தான் ஆறினது" என்று ஈஸ்ட் ஹாம் முழுக்கச் சொல்லி முடித்தார். லூயிஷாம் வரைக்கும் அது எப்படி வந்தது என்று இப்போது விளங்குகிறதா?

ஆகவே ஒரு மன்றாட்டம். புண் ஆறாமல் ஒரு முதியவர் படுத்திருக்கும் வீடு தெரிந்தால் இதைப் போய்ச் சொல்லுங்கள். நர்ஸ் சொன்னதையும் சொல்லுங்கள், நான் பிள்ளையாரிடம் சொன்னதையும் சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

நடுவில் யாராவது மஞ்சள் பூசச் சொன்னால்... அது மாமியின் கதை, என்னுடையது அல்ல!