சஷ்டி விரதமும் இலைமீனும்

என் கணவர் முன்னறைத் தொட்டியில் வளர்த்த இலைமீனை நான் ஒருநாளும் மீனாக மதித்ததில்லை. எங்கேயோ தென்னமெரிக்கக் காட்டு ஓடைகளில் வாழும் சாதியாம். தண்ணீரில் விழுந்து அழுகிய பலா இலை மாதிரித் தலைகீழாக மிதக்கும். தாடையில் காம்பு போல ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தில் சின்ன மீன் வந்தால் அதன் வாய் குழாயாக நீளும். அடுத்த நொடி மீனைக் காணாது. உயிரில்லாத எதையும் தொடாது. அதற்குத் தீனியாகவே குசினி யன்னலோரம் ஒரு வாளியில் கப்பி மீன்கள் வளர்ந்தன. பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் குமட்டும்.

கலியாணமாகி ஒன்பது வருடம், பிள்ளை இல்லை. போன கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் பாலும் பழமும் மட்டும் என்று விரதம் பிடித்தேன். அந்தக் கிழமை பார்த்து அவருக்குப் புல்மோட்டையில் வேலை.

"ஒருநாள் விட்டு ஒருநாள் ரெண்டு சின்னக் கப்பி பிடிச்சு விடும்," என்றார்.

"விரதத்தோட என்னாலை ஏலாது."

"பட்டினி போட்டாச் செத்துப்போகும். அது மட்டும் பாவமில்லையே?"

நான்கு நாள் தொட்டிப் பக்கம் திரும்பவில்லை. ஐந்தாம் நாள் அவர் தொலைபேசியில் நச்சரித்தார். நான் பெரிய கெட்டிக்காரி. அதன் வாய்க்குள் அடங்காத, வயிறு பெருத்த கப்பி ஒன்றைப் பிடித்து விட்டேன். விட்டேன் என்றும் சொல்லலாம், விரதமும் கெடாது. அது சினை வயிறு என்று எனக்கு உறைக்கவே இல்லை.

சூரன்போர் அன்று காலை தலைக்குத் தோய்ந்துவிட்டு வந்து பார்த்தால் கப்பி குட்டி போட்டுக்கொண்டிருந்தது. கண்ணும் வாலுமாக இறங்கிய ஒவ்வொன்றையும் அந்த அழுகல் இலை காத்திருந்து விழுங்கியது. தேத்தண்ணி வடிக்கிற வடியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன். எத்தனை தரம் கோலியும் ஒன்றும் அகப்படவில்லை. கடைசிக் குட்டி ஒன்று மட்டும் தப்பி மேலே வந்தது. வடியை அதற்குக் கீழே கொடுக்கமுதல் தாய்க் கப்பி திரும்பி அதைத் தின்றது.

குசினியில் பாத்திரம் கழுவும் தொட்டியில் தலையைக் கவிழ்த்து வெறும் வயிற்றோடு ஓங்காளித்தேன். இலைமீனை நினைத்து அல்ல.

பின்னேரம் கோயிலில் சூரனின் தலை விழ, எல்லோரும் அரோகரா என்றார்கள். ஒன்பது வருடமாகக் கேட்டதை அன்று என்னால் கேட்க முடியவில்லை.