ரைட்டு

ஐம்பத்திரண்டாவது வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனேன். கணவருக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை ஆகி, இனி வண்டி ஓட்டக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அடையாற்றில் எங்கள் குடியிருப்பின் கீழே கார் மூன்று மாதமாகத் தூசி படிந்து நின்றது. விற்றுவிடலாம் என்றார் அவர். நான் டிரைவிங் ஸ்கூலில் பணம் கட்டிவிட்டு வந்தேன்.

கற்றுக்கொடுத்தவர் நொச்சிக்குப்பத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். நான் கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளியில் ஆங்கில ஆசிரியை என்று சொல்லியிருந்தேன். அதனாலோ என்னவோ முதல் இரண்டு நாள் என்னிடம் அளந்துதான் பேசினார்.

மூன்றாம் நாள் காலை. பெசன்ட் நகரில் ஒரு நாற்சந்தி. நிறுத்தச் சொன்னார், நிறுத்தினேன். இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டு, "ரைட்டு" என்றார். நான் ஸ்டீயரிங்கை வலது பக்கம் முழுவதுமாகத் திருப்பினேன். எதிரே ஓர் ஆட்டோ. அவர் தன் பக்கத்து பிரேக்கை மிதிக்க, கார் குலுங்கி நின்றது.

"இன்னாம்மா, பாத்து வர மாட்டியா?" என்று ஆட்டோக்காரர் கத்திவிட்டுப் போனார்.

"நேரா போறத வுட்டுட்டு ஏன் மேடம் ஒடிச்சீங்க?"

"நீங்கதானே ரைட்டுன்னு சொன்னீங்க?"

"ஐயோ, ரைட்டுன்னா போலாம்னு அர்த்தம். பஸ்ல கண்டக்டர் சொல்ல மாட்டாரா?"

சொல்வார். சின்ன வயதிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். வகுப்பில் அந்தச் சொல்லுக்கு வலது, சரி, உரிமை என்று மூன்று பொருள் எழுதிப்போடுவேன். கண்டக்டரின் பொருளை ஒரு தடவைகூட எழுதியதில்லை. பயத்தைவிட வெட்கம்தான் அதிகம்.

"அப்போ வலது பக்கம் திரும்பணும்னா என்ன சொல்வீங்க?"

கொஞ்சம் யோசித்தார். "சோத்தாங்கை பக்கம்னு சொல்றேன்."

"இடது பக்கத்துக்கு?"

"பீச்..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். "அது லெஃப்டாவே இருக்கட்டும் மேடம்."

அன்றிலிருந்து எங்களுக்குள் குழப்பம் வரவில்லை. அவரும் சகஜமாகப் பேச ஆரம்பித்தார்.

லைசென்ஸ் தேர்வில் பக்கத்தில் உட்கார்ந்த அதிகாரி காகிதத்தைப் பார்த்தபடியே இருந்தார். சிறிது தூரம் போனதும் "ரைட்டு" என்றார். நான் ஓரமாக நிறுத்தி, "திரும்பணுமா சார், நேரா போகணுமா?" என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ரைட்டுன்னா முடிஞ்சுது, இறங்குங்கம்மா."

தோற்றுவிட்டேன் என்றே நினைத்தேன். பத்து நாளில் லைசென்ஸ் தபாலில் வந்தது.

அடுத்த வாரம் கணவரைக் கண் பரிசோதனைக்கு மயிலாப்பூருக்கு நானே ஓட்டிக்கொண்டு போனேன். வழி முழுக்க அவர் வலது காலால் தரையை அழுத்திக்கொண்டே வந்தார். இறங்கியதும், திரும்பும்போது ஆட்டோவில் போகலாமா என்று கேட்டார். முடியாது என்றேன்.