கவிழ்க்காத சிரட்டைகள்

கனகதாஸ் என்ற பேரை ஷிஜி முதலில் கேட்டது தாய்மாமன் ஈசாக்கின் வாயிலிருந்து. உதியன்குளங்கரையிலிருந்து கல்யாண ஆலோசனை கொண்டு வந்திருந்தார் மாமா. "பையனுக்கு ரப்பர் வெட்டாக்கும் வேலை. நம்ம ஞானையனுக்க கொழுந்திக்க மூத்த மவன். கத்தி பட்டையிலதான் போவும், தடியில படாது. அப்பிடியொரு கை, மக்கா!" அந்தக் கையை நம்பித்தான் ஷிஜி தலையாட்டினாள்.

அந்தக் கையைத்தான் சோமன் குறை சொன்னார். கல்யாணத்துக்குப் பின் அவர்கள் இருந்த வீட்டை ஒட்டி, கனகதாஸ் பால் வெட்டிய ரப்பர் தோட்டம் அவருடையது. போன மழைக்காலத்துக்கு முன்னால், சாயாக்கடையில் நாலு பேர் கேட்க, "கனகன் வெட்டி எனக்க மரமெல்லாம் புண்ணாப் போச்சு" என்று சொல்லிவிட்டார். கனகதாஸ் கத்தியைக் கூரை இடுக்கில் செருகினான். மறுநாள் முதல் வெட்டு இல்லை.

வெட்டு நின்றால், பால் பிடிக்க மரத்தில் கட்டிய தேங்காய்ச் சிரட்டைகளைக் கவிழ்த்து வைக்க வேண்டும். இல்லையென்றால் மழைத் தண்ணீர் கட்டிக் கொசு முட்டையிடும். எல்லா வருஷமும் அவன்தான் கவிழ்ப்பான்.

"சண்டை சண்டையா இருக்கட்டு. சிரட்டைய கவுத்திட்டு வாருங்க" என்றாள் ஷிஜி.

"கவுத்த மாட்டேன். சோமன் நம்ம முற்றத்தில வந்து நின்னு கூப்பிடணும். அப்பம் பாக்கலாம்."

அவளே போகக் கிளம்பியபோது மறித்தான். "நீ போய்க் கவுத்தினா நான் மூஞ்சிய எங்க கொண்டு வைக்க?"

வீடுவீடாக வரும் சுகாதாரப் பணியாளர் ஸ்ரீகுமாரியும் வேலியோரம் நின்று சொன்னாள். "அண்ணா, சிரட்டையெல்லாம் புழு நெளியுது. டெங்கு பரவுது, கேட்டியளா?"

"தோட்டம் எனக்கதா? சோமன்ட்ட போய்ச் சொல்லு. புழுவுக்கும் அவருதான் முதலாளி."

மழை விடாமல் கொட்டியது. ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் லிஷாவுக்குக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரியில் மருந்து வாங்கி வந்தார்கள். சில நாளில் உடம்பு குளிர்ந்ததும் ஷிஜி முழங்காலிட்டு ஸ்தோத்திரம் சொன்னாள். கனகதாஸ் ஓடிப்போய் ஆரஞ்சு வாங்கி வந்தான். டெங்குவில் காய்ச்சல் விட்டபின்தான் ஆபத்து என்று இருவருக்கும் தெரியாது. உரித்த சுளை கையில் இருக்க, பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். பல் ஈறில் ரத்தம். கைகால் ஜில்லென்று ஆனது. பாறசாலை ஆஸ்பத்திரியிலிருந்து ஆம்புலன்சில் திருவனந்தபுரம் கொண்டு போனார்கள்.

அங்கே கனகதாஸைக் காணோம். வெகுநேரம் கழித்து வந்தான். உடுப்பெல்லாம் சேறு, புளித்த ரப்பர் பாலின் நாற்றம்.

"பிள்ள உள்ள கிடக்கா! எங்க போனிய?"

"எல்லாத்தையும் கவுத்திட்டேன், ஷிஜி. ஒண்ணு மிச்சமில்ல."

அவன் நெஞ்சில் இரண்டு கையாலும் அடித்தாள். "அவளுக்க உடம்புக்குள்ள போனத எப்பிடிக் கவுத்துவிய?"



லிஷாவின் உடலை வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்திய அன்று சோமன் வந்தார். முற்றத்தில் மழையில் நின்றுகொண்டு, "கனகா" என்று கூப்பிட்டார். அவனுக்குக் கேட்டது. எழுந்திருக்கவில்லை.

கத்தி இன்னும் ஷிஜி இருக்கும் வீட்டின் கூரை இடுக்கிலேயே இருக்கிறது. கனகதாஸ் இப்போது காஞ்சிரங்குளத்தில், அவன் அக்காள் வீட்டில் இருக்கிறான்.