படி இருந்த தூரம்

நோயில் இடது கண் பார்வை போனதிலிருந்து, எது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதில் அடிக்கடி ஏமாந்துபோகிறேன். அன்று பாலாவியில் பஸ் ஏறும்போது, படி கிட்ட இருப்பதாக நினைத்துக் காலை வைத்தேன். கால் காற்றில் போனது, தடுமாறினேன்.

"காலையிலயே குடிச்சிட்டா வாறீங்க?" என்றான் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. தொழுகைத் தொப்பியோடு நின்ற என்னைப் பார்த்து! உடம்பெல்லாம் கொதித்தது.

முன் இருக்கையில் இருந்த பெண் என் வெளுத்த இடது கண்ணைப் பார்த்துவிட்டு எழுந்தாள். "அவருக்கு ஒரு கண் தெரியாதெண்டு விளங்கல்லயா? நீங்க ஒரு கண்ணப் பொத்திக்கிட்டு, நான் பிடிக்கிற பேனைக்கு மூடியப் போடுங்க பாப்பம்!"

அவன் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு போட்ட மூடி பேனைக்கு முன்னாலேயே இறங்கியது. மறுபடியும் அப்படியே.

"மன்னிச்சிக்கங்க நானா" என்று அண்ணன் முறை சொல்லி, ஏற்றிவிட அவன் கை நீட்டினான். நான் கம்பியைத் தடவிப் பிடித்து, நானாகவே ஏறினேன்.

இன்னும் ஆறவில்லை எனக்கு. அவள் பேசியிராவிட்டால், கண்டக்குழியில் இறங்கும்வரை அத்தனை பேருக்கும் நான் குடிகாரன்தான்.